கைக்கு முன்னே அபயம்: குதிரையின் உடல்நோவும் இல்லறத்தார் விரதமும்



இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களுள் மூன்றாமவர் சம்பவநாதர். அவருடைய இலாஞ்சனம் குதிரை. ஜினாலயத்துப் பீடத்தில் செதுக்கிய சிறிய குதிரையைச் சுட்டி, இவர் சம்பவநாதர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் சமணக் குடும்பங்களில் உண்டு. பீடத்துக் குதிரையைப் போற்றும் கண்கள், வீதியில் வண்டி இழுக்கும் குதிரையின் முதுகையும் காலையும் எவ்வாறு பார்க்கின்றன என்னும் கேள்வியே இவ்வுரையின் பொருள். குதிரையின் தசைநோவையும் மூட்டுநோவையும் கையால் நீவியும் பிசைந்தும் பயிற்சி கொடுத்தும் தணிக்கும் மருத்துவம் ஒன்று உலகில் வளர்ந்து வருகிறது. அம்மருத்துவத்தைச் சமண அறத்தின் கண்கொண்டு பார்ப்பது இங்கு நோக்கம்.

கரிசல் மண்ணும் குதிரையும்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கோவில்பட்டியை அடுத்து வருவது கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்று தமிழுலகம் இதனை அறியும். இவ்வூருக்குச் சற்றுத் தொலைவில் கழுகுமலை இருக்கிறது. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் அங்குப் பாறையில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் உருவங்களும், பார்சுவநாதரும், பாகுபலியும், அம்பிகை இயக்கியும், ஆசிரியர் மாணாக்கர் பெயர்கள் பொறித்த வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இன்றும் காணக் கிடைக்கின்றன. கரிசல் நாட்டில் கொல்லாமை அறம் ஓங்கி ஒலித்ததற்கு அம்மலையே சான்று.

இந்தக் கரிசல் மண் குதிரைக்கு எளிய மண் அன்று. கோடையில் அது வெடித்துப் பிளவு காணும். பிளவில் குளம்பு இறங்கினால் கால் திருகிக்கொள்ளும். மழைக்காலத்தில் அதே மண் களியாகிக் குளம்பைப் பற்றிக்கொள்ளும். ஒவ்வோர் அடியையும் பிடுங்கி எடுக்கவேண்டியிருப்பதால் தசைநாண் இழுபடும், இலாடமும் கழன்று போகும். இவ்விரண்டுக்கும் தப்பித் தார்ச்சாலைக்கு வந்தால், அதன் கடினம் குளம்பிலிருந்து தோள்வரை அதிர்ச்சியைக் கொண்டு செல்லும். ஒருகாலத்தில் தென்னாட்டு இரயிலடிகளில் காத்துநின்ற குதிரைவண்டிகள் இன்று அருகிவிட்டன. ஆயினும் கோயில் கொடைகளையும் ஊர் விழாக்களையும் ஒட்டி மாட்டுவண்டிப் பந்தயத்தோடு குதிரைவண்டிப் பந்தயமும் தென்மாவட்டச் சாலைகளில் நடைபெறுகிறது. மாப்பிள்ளை அழைப்புக்கும் ஊர்வலத்துக்கும் குதிரையை அமர்த்துவோரும் உளர். ஆகவே குதிரையின் நோவு இப்பகுதிக்குப் பழங்கதையாகிவிடவில்லை.

காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

இதே மாவட்டத்தின் கடற்கரையில், தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே, பழையகாயல் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ விவரிக்கும் காயல் துறைமுகம் இதுவே என்பது பொதுக் கருத்து. அராபிய, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் இத்துறைக்கு வந்தன. இந்நாட்டு மன்னன் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதினார். பேணத் தெரிந்தவர் இன்மையே காரணம் என்பது அவர் கூற்று. குதிரை மருத்துவம் அறிந்தவரை வணிகர் தம்மோடு அழைத்து வருவதுமில்லை, பிறர் இங்கு வரவிடுவதுமில்லை என்றும், குதிரை மாண்டால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம் என்பது அவர்கள் கணக்கு என்றும் அவர் குறித்தார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபும், குதிரைகளை நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்துப் பின் பயிற்சி ஏதுமின்றி ஏறி ஓட்டினர் என்று பதிவு செய்தார்.

அயலார் கூற்றில் மிகை இருக்கலாம். எனினும் அதில் ஓர் உண்மை தெளிவாகத் தெரிகிறது. வாளும் வேலும் பாயுமுன்னரே, கட்டிவைத்தலும் தகாத உணவும் அறியாமையும் அக்குதிரைகளைக் கொன்றன. அவற்றின் நோவை நீக்க வல்ல கைகளை வரவொட்டாமல் தடுத்தது ஒருவரது இலாபம். நோவுக்கும் இலாபத்துக்கும் உள்ள இவ்வுறவு இவ்வுரையின் இறுதியில் மீண்டும் எழும்.

அறிவே இல்லாத நாடு இது என்று எண்ணிவிடலாகாது. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் குதிரை மருத்துவ நூல் மரபு பாரதத்தில் பழமையானது. பாரதக் கதையில் நகுலன் விராட மன்னனின் குதிரைகளைப் பேணுவோனாக மறைந்து வாழ்ந்தான். ஹம்சதேவர் என்னும் சமணப் புலவர், விலங்குகளின் இயல்பையும் பறவைகளின் இயல்பையும் கூறும் மிருகபக்ஷி சாஸ்திரத்தை வடமொழியில் இயற்றினார். அறிவு ஏட்டில் இருந்தும் இலாயத்தை எட்டாமையே குறை.

சொல்லாத நோவு

குதிரை இரையாகும் விலங்கினத்தைச் சேர்ந்தது. திறந்த வெளியில் நொண்டும் குதிரையையே வேட்டை விலங்கு முதலில் பற்றும். ஆதலின் நோவை மறைத்து நிற்பது அதன் பிறவிக் குணம். நாய் ஊளையிடும், மாடு கதறும். குதிரையோ பெரும்பாலும் ஓசையின்றி நோவைத் தாங்கும். அது நின்றபடியே உறங்கவும் வல்லது. காலின் எலும்பும் நாணும் பூட்டுப்போல் அமைந்து உடலைத் தாங்கிக்கொள்கின்றன. அது நிற்கிறது என்பதால் நலமாயிருக்கிறது என்று கொள்ள இயலாது.

அதன் உடலமைப்பும் அறியத்தக்கது. மனிதனுக்குள்ள காறையெலும்பு குதிரைக்கு இல்லை. முன்னங்கால்கள் இரண்டும் எலும்பு மூட்டால் உடம்போடு இணைக்கப்படவில்லை. தசைகளே தொட்டில்போல் நெஞ்சுக்கூட்டைத் தாங்கி நிற்கின்றன. உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு அம்முன்னங்கால்களின் மேல் விழுகிறது. முழங்காலுக்குக் கீழே தசை இல்லை என்றே சொல்லலாம். நாணும் பந்தகமும் எலும்புமே அங்கு உள்ளன. ஆகவே பாரம் மிகுந்தால் முதலில் வருந்துவன தோளின் தசையும் காலின் நாணும் ஆகும். அதே உடலின் தோல், ஓர் ஈ வந்து அமர்ந்தாலும் உணர்ந்து சிலிர்த்து உதறும் நுண்மை உடையது. ஈயின் எடையை உணரும் உயிர் சாட்டையின் அடியை எப்படி உணரும் என்பதைச் சொல்லி விளக்க வேண்டுவதில்லை.

மறைந்திருக்கும் நோவை முகத்தில் படிக்க அறிவியலார் முயன்றனர். 2014இல் ஐரோப்பிய ஆய்வாளர் குதிரையின் முகக்குறிகளை ஆராய்ந்து ஓர் அளவுகோலை வெளியிட்டனர். பின்னோக்கி விறைத்த காது, இறுகிய கண்ணிமை, கண்ணுக்கு மேலே எழும் புடைப்பு, இறுகித் தெரியும் தாடைத் தசை, இறுக்கிய வாயும் முன்துருத்திய மோவாயும், விரிந்து இறுகிய மூக்குத்துளை ஆகிய ஆறும் அவ்வளவுகோலில் உள்ள குறிகள். விலை கொடுத்து வாங்கும் கருவி எதுவும் இதற்கு வேண்டாம். நின்று பார்க்கும் பொறுமை ஒன்றே போதும்.

ஐந்து அதிசாரங்கள்

இல்லறத்தார் ஏற்கும் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைச் சமண நூல்கள் வகுத்துள்ளன. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவு மீறிய பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. கொல்லாமல் இருந்தாலும் இவ்வைந்தில் ஒன்றைச் செய்தால் விரதம் மாசுபடும். இந்திய நாடாளுமன்றம் 1960இல் இயற்றிய விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் பதினொன்றாம் பிரிவைப் படிப்போர் வியப்படைவர். அடித்தலும் மிகைப்பாரமும், நெடுநேரம் சங்கிலியில் பிணித்தலும், ஊறுபடுத்தலும், போதிய உணவும் நீரும் தராமையும் அப்பிரிவில் குற்றங்களாக எண்ணப்பட்டுள்ளன. அறநூல் நெடுங்காலத்துக்கு முன்னர்ச் சொன்னதைச் சட்டநூல் பின்னர்ச் சொல்லியிருக்கிறது.

இவ்வைந்தும் அறத்தின் பட்டியல் மட்டுமல்ல. குதிரையின் தசைநோவுக்குக் காரணம் தேடும் மருத்துவன் கையில் இருக்கவேண்டிய பட்டியலும் இதுவே.

கட்டிவைத்தலை எடுத்துக்கொள்வோர் காண்பது இது. குதிரையின் குடலும் மூட்டும் நாள் முழுதும் மெல்ல நடந்து மேய்வதற்கென அமைந்தவை. குறுங்கயிற்றில் இரவும் பகலும் நிற்கும் குதிரைக்குக் கால் வீங்கும், முதுகு இறுகும், குடல்நோவும் வரும். அடித்தலோ தசையை மட்டும் புண்படுத்துவதில்லை. அடிக்கு அஞ்சி எந்நேரமும் இறுகி நிற்கும் தசை ஓய்வையே மறந்துவிடுகிறது. கடிவாளத்து இரும்பு முள் உறுப்பைக் கிழிப்பது மூன்றாம் அதிசாரத்தின் பாற்படும். முள் வைத்த கடிவாளத்தையும் கோலையும் வண்டி இழுக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள் தடைசெய்கின்றன.

பாரத்தைப் பற்றியும் அவ்விதிகள் பேசுகின்றன. வண்டியோட்டியும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் நீங்கலாக நால்வருக்கு மேல் விலங்கு இழுக்கும் வண்டியில் ஏறலாகாது. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், இடையில் ஓய்வின்றி 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 பாகை செல்சியசைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 மணிமுதல் 3 மணிவரை வேலை வாங்கவே கூடாது. கரிசல் நாட்டின் சித்திரை வைகாசி வெயிலை அறிந்தோர்க்கு இவ்விதியின் அருமை புரியும். ஐந்தாவதாகிய உணவும் நீரும் பற்றி ஒன்று சொன்னால் போதும். வேலையற்ற நாளிலேயே ஒரு குதிரைக்கு இருபத்தைந்து முதல் ஐம்பது லிட்டர் நீர் வேண்டும். வெயிலில் உழைத்தால் இன்னும் மிகும். நீரிழந்த தசை பிசைவதால் இளகாது. அதற்குத் தண்ணீரே மருந்து.

கை செய்யும் மருத்துவம்

இவ்வைந்தும் நீங்கிய பின்னரே கைக்கு வேலை. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று வழங்கும் கைமுறையில் தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக ஒன்பது வகை உண்டு. அது மனித உடலுக்காக வகுக்கப்பட்டது. குதிரைக்கென இன்று செய்யப்படும் கைமுறையும் இதற்கு உறவானதே. இங்கிலாந்தில் மனிதர்க்கு இயன்முறை மருத்துவம் செய்துவந்த சார்லஸ் ஸ்ட்ராங், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தூண்டுதலால் அதனைக் குதிரைகளுக்கும் பயன்படுத்தினார். அமெரிக்காவில் ஜேக் மீகர் 1970களில் குதிரையேற்ற அணியின் குதிரைகளுக்குத் தசை பிசையும் முறையைக் கையாண்டு பெயர் பெற்றார்.

செய்முறையின் ஒழுங்கு இது. முதலில் குதிரையின் இடத்தோளருகே, அதன் கண்ணுக்குத் தெரியும்படி நிற்றல் வேண்டும். புறங்கையை நீட்டி அது முகர விடுதல் வேண்டும். பின் பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் உள்ளங்கையை வைத்து மெல்ல நீவுதல் வேண்டும். இவ்விடத்தைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. நட்பான இரு குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்வது இவ்விடத்தில்தான். அங்குத் தடவினால் குதிரையின் இதயத்துடிப்பு குறைவதை 1993இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியது. தலை தாழ்தல், கீழுதடு தளர்தல், பெருமூச்சு விடுதல், வாயை மெல்லுதல் என்பன குதிரை இசைந்ததன் அறிகுறிகள். காதைப் பின்னே மடித்தாலோ, தோலைச் சுருக்கி விலகினாலோ, அவ்விடத்தில் நோவு உண்டென்று கொண்டு கையை எடுத்தல் வேண்டும்.

நீவிய பின், கழுத்து, தோள், முதுகெலும்பின் இருமருங்கு, பின்தொடை ஆகிய பெருந்தசைகளை உள்ளங்கையால் பிசையலாம். முதுகெலும்பின்மேல் நேராக அழுத்தலாகாது. முழங்காலுக்குக் கீழே பிசைய வேண்டுவதில்லை. உழைப்புக்குப் பின் அக்கால்களில் கால்மணி நேரம் குளிர்ந்த நீரை ஊற்றுவதே நல்லது. வியர்த்த குதிரைமேல் தண்ணீர் ஊற்றக்கூடாது என்னும் பழைய அச்சம் தேவையற்றது. வெயிலில் ஓடிய குதிரையைத் தொடர்ந்து தண்ணீர் ஊற்றி ஆற்றுவதே உயிரைக் காக்கும் வழி என்று 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள் நிறுவின.

பயிற்சியும் மருந்தாகும். உணவைக் கையில் காட்டி, குதிரை தானே கழுத்தை வளைத்து மூக்கை நெஞ்சுக்கும், முழங்கால்களுக்கு இடையிலும், விலாவுக்கும் கொண்டு வரச் செய்வது ஒரு முறை. வாரத்தில் ஐந்து நாளாக மூன்று மாதம் இதனைச் செய்த குதிரைகளின் முதுகெலும்பைத் தாங்கும் உள்தசை பருத்ததாக 2011இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மேலைநாட்டார் இதற்குக் கேரட் கிழங்கைக் காட்டுவர். கிழங்கை விலக்கும் சமணர் மனம் கூச வேண்டுவதில்லை. ஒரு பிடி பசும்புல்லும் அதே வேலையைச் செய்யும்.

கை வைக்கலாகாத வேளைகளும் உண்டு. காய்ச்சல், புதுக்காயம், சூட்டோடு கூடிய வீக்கம், குடல்நோவு இருக்கும்போது பிசைதல் தீங்கு தரும். உழைப்புக்குப் பின் தொடைத்தசை கல்லாக இறுகிச் சிறுநீர் கருஞ்சிவப்பாக இறங்கினால், நடத்தவும் கூடாது, தேய்க்கவும் கூடாது. மருத்துவரை அழைப்பதே கடமை. நொண்டுதலின் காரணத்தைக் கண்டறிவதும் மருந்து கொடுப்பதும் பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் பணி. கயத்தாற்றுப் பகுதியினர்க்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி அண்மையிலேயே உள்ளது. குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீர்செய்யும் இலாடக்காரரும், சேணம் உறுத்தாமல் தைப்பவரும் இம்மருத்துவத்தில் பங்காளிகளே. உறுத்தும் சேணத்தை மாற்றாமல் முதுகைப் பிசைவது, முள்ளை எடுக்காமல் புண்ணுக்கு மருந்திடுவதை ஒக்கும்.

எவர் பொருட்டு?

இங்கே ஒரு கடிய கேள்வி எழுகிறது. பந்தயத்துக்கு முன்னாள் ஒருவர் குதிரையின் தோளைப் பிசைந்து நோவைத் தணிக்கிறார். மறுநாள் அதே குதிரை சாட்டையடியோடு தார்ச்சாலையில் ஓடுகிறது. அவர் செய்தது கருணையா, அல்லது இன்னும் ஓர் ஓட்டத்தைப் பிழிந்தெடுக்கும் உபாயமா? கையின் அசைவு இரண்டிலும் ஒன்றே. வேறுபடுவது எண்ணம். நோவு என்பது உடல் விடுக்கும் தடை. ஊசி மருந்தால் அத்தடையை மறைத்து ஓடவிடுவோர், கிழிந்த நாணை அறுபடும்வரை இழுப்போர் ஆவர். காயல் துறையில் மருத்துவரைத் தடுத்த வணிகரின் இலாபமும், இன்று மருந்தை ஏவும் பரிசுத்தொகையும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

இதற்குச் சமண மரபு தரும் உரைகல் நால்வகைத் தானம். ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நான்கனுள் ஔஷதத்தை மட்டும் கொடுத்து அபயத்தை மறுப்பது தானம் ஆகாது. உடல்மருத்துவமும் இதனையே கண்டிருக்கிறது. அஞ்சிய குதிரையின் தசை எந்தக் கைக்கும் இளகுவதில்லை. ஆதலால் அபயம் முன்னே வரவேண்டும். கை அதன் பின்னே வரவேண்டும். சிகிச்சைக்குப் பின் குதிரைக்கு ஓய்வு கிடைத்தால் அது ஔஷததானம். சிகிச்சைக்குப் பின் கூடுதல் பாரம் கிடைத்தால் அது நான்காம் அதிசாரத்தின் தொடக்கம்.

உழைக்க இயலாது போன குதிரைக்கும் இவ்வறம் உரியது. சீவக சிந்தாமணியில் அடிபட்டு உயிர் நீங்கும் நாயின் உடலைச் சீவகனால் மீட்க இயலவில்லை. அவன் அதன் அருகே அமர்ந்து பஞ்ச நமஸ்காரத்தை ஓதினான். இனிப் பயன்படாது என்ற உயிரின் அருகில் அமர்ந்ததே அவன் பெருமை. எகிப்தில் முதல் உலகப் போருக்குப் பின் கைவிடப்பட்ட போர்க்குதிரைகளின் துயர் கண்டு, டோரதி புரூக் அம்மையார் 1934இல் கெய்ரோ நகரில் மருத்துவமனை நிறுவினார். சமணச் சமூகம் காலங்காலமாக நடத்திவரும் பஞ்சராபோல் காப்பகங்களும் இவ்வழியினவே. வயது முதிர்ந்த குதிரைக்குக் காலையும் மாலையும் மெல்லிய நடையும், தோளில் ஒரு கையின் வெம்மையும் கிடைத்தால் அதன் இறுதிநாள் நோவின்றிக் கழியும்.

நிறைவாக, ஒவ்வொரு குடும்பமும் அறக்கட்டளையும் இன்றே மேற்கொள்ளத்தக்கவை சில. ஊர்வலத்துக்கோ திருமணத்துக்கோ குதிரை வேண்டுமா என்று முதலில் எண்ணுதல் வேண்டும்; வேண்டாம் என்ற முடிவே அகிம்சைக்கு மிக அணிமையானது. அமர்த்தியே ஆகவேண்டுமெனின், வந்த குதிரையை நேரில் பார்த்தல் வேண்டும். நொண்டுகிறதா, சேணத்தின் கீழ்ப் புண் உள்ளதா, கடிவாளத்தில் முள் உள்ளதா, முகத்தில் நோவின் குறிகள் உள்ளனவா என்று காணுதல் வேண்டும். குறை கண்டால் பேசிய கூலியைக் குறையாமல் கொடுத்துக் குதிரையைத் திருப்பி அனுப்புதல் வேண்டும். கூலி குறைந்தால் அக்குறை குதிரையின் தீனியில் விழும். நிழலும் நீர்த்தொட்டியும் முன்கூட்டி அமைத்து, வெடியையும் பேரொலியையும் அதன் காதுக்கு எட்டாமல் விலக்குதல் வேண்டும். நண்பகலில் வீதியில் நிறுத்தலாகாது. குதிரை வளர்ப்போர் பெரும்பாலும் எளிய உழைப்பாளிகள். அவர்களைப் பழிப்பதை விடுத்து, கால்நடை மருத்துவரைக் கொண்டு ஆண்டுக்கு ஒருநாள் குளம்பும் பல்லும் முதுகும் பார்க்கும் முகாம் நடத்துவதும், இரணசன்னி வராமல் தடுக்கும் ஊசியின் செலவை ஏற்பதும் அறக்கட்டளைகளால் இயலும். ஔஷததானத்துக்கு இதனினும் தெளிவான வழி வேறில்லை.

எல்லா உயிர்களும் நோவின்றி வாழ்க. ஜினதர்மம் ஓங்குக.